நாணலைத் தின்ற மாடுகள்

திரைக்குப் பின்னே – 17

சென்ற வாரம், லண்டனில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்துவிட்டு, ஊர் திரும்பும் கப்பலிலேயே தன் முதல் படத்துக்குக் குறிப்பு எழுதத் தொடங்கிய சத்யஜித் ரேயைப் பார்த்தோம். இந்த வாரம் அவரைப் படப்பிடிப்புக்கு அழைத்துப் போகலாம்.

1952, அக்டோபர் 27. வங்காளத்தில் பால்சித் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு வெளி. நாணல் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது. அக்கா துர்காவைத் தேடிக்கொண்டு சிறுவன் அபு அந்த நாணலுக்குள் நடந்து வரவேண்டும். அதுதான் ‘பதேர் பாஞ்சாலி’க்காகப் படமாக்கிய முதல் காட்சி.

டைரக்டருக்கு அதுதான் முதல் படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இருபதைத் தாண்டிய இளம் வயது. அதற்கு முன் போட்டோ கேமராவைப் பிடித்திருக்கிறாரே தவிர, சினிமா கேமராவைத் தொட்டதில்லை. அபுவாக வந்த சுபீர் பானர்ஜிக்கு நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

அந்தப் பையன் கிடைத்ததே ஒரு கதை. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பையன் தேவை என்று ரே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவர் அழைத்து வந்த குழந்தையின் கழுத்தில் புதிதாய் வெட்டிய முடித்துணுக்குகள் ஒட்டியிருந்தன. விசாரித்தால், அது பெண் குழந்தை! நேராக சலூனில் கிராப் வெட்டிவிட்டு அழைத்து வந்திருக்கிறார். இப்படி ஊரெல்லாம் தேடிய அபு கடைசியில் அடுத்த வீட்டு மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தவர் ரேயின் மனைவி விஜயா.

அந்தப் பையனை நாணலுக்குள் நடக்கவிட்டால், கயிறு கட்டி இழுத்த பொம்மை மாதிரி விறைப்பாக நடந்தான். ரே ஒரு யுக்தி செய்தார். ஆட்களை நாணலுக்குள் ஆங்காங்கே ஒளித்துவைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்தார். நடக்கும் வழியில் சிறு குச்சிகளைப் போட்டு, தாண்டி வரச் சொன்னார். பையன் நின்றான், திரும்பினான், தயங்கினான், காலைத் தூக்கிவைத்து நடந்தான். அக்காவைத் தேடும் தம்பி வந்துவிட்டான்.

அன்று பாதிக் காட்சிதான் முடிந்தது. ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து பார்த்தவர்களுக்கு, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம். வெள்ளைப் பூ ஒன்றைக்கூடக் காணோம். நடுவில் ஒரு மாட்டு மந்தை வந்து அத்தனையையும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. நாணல் வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். மீதிக் காட்சிக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அபுவும் துர்காவும் ரயிலைப் பார்க்கும் புகழ்பெற்ற காட்சி இதன் தொடர்ச்சிதான். அதற்கும் ஒரு ரயில் போதவில்லை. வேண்டிய கோணங்களை எடுக்க அன்று அடுத்தடுத்து வந்த மூன்று ரயில்கள் தேவைப்பட்டன. வெள்ளைப் பூவுக்கு மேலே கரும்புகை எழும்ப வேண்டுமே! தயாரிப்பு நிர்வாகி அனில் சௌத்ரி முந்தைய ஸ்டேஷனிலேயே இன்ஜினில் ஏறிக்கொண்டார். இடம் நெருங்கும்போது கரியை அள்ளிப் போடச் சொல்வதுதான் அவர் வேலை.

மாடு மேய்ந்தது ஒரு வருஷக் காத்திருப்பு. பணம் இல்லாமல் காத்திருந்தது அதைவிடக் கொடுமை.

காட்சிகளைப் படங்களாக வரைந்துவைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரே தயாரிப்பாளர்களின் வாசல்களில் ஏறி இறங்கியிருந்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, நட்சத்திரம் இல்லை. யார் பணம் போடுவார்கள்? விளம்பரக் கம்பெனியில் பார்த்துவந்த வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் படம் எடுத்தார். இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கினார். ஆசையாய்ச் சேர்த்த ஓவியப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விலை போயின. விஜயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. பணம் வந்தால் கேமரா ஓடும், தீர்ந்தால் நிற்கும். ஒரு கட்டத்தில் மாதக்கணக்கில் நின்றேவிட்டது.

கேமரா நின்றதே தவிர, காலம் நிற்கவில்லை. மிட்டாய்க்காரர் சினிபாஸ் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தோளில் காவடி போலத் தொங்கும் பானைகளோடு தொந்தியும் தொப்பையுமாக அவர் நடக்க, கையில் காசில்லாத அபுவும் துர்காவும் பின்னால் போவார்கள். அந்தக் காட்சியில் பாதி முடிந்த நிலையில் பணம் தீர்ந்தது. மறுபடி பணம் புரண்டபோது மிட்டாய்க்காரராக நடித்தவர் உயிரோடு இல்லை. முகத்துக்கு முகம் பொருந்தும் ஆளை எங்கே தேடுவது? தொப்பைக்குத் தொப்பை பொருந்தும் ஓர் ஆளைப் பிடித்தார்கள். படத்தில் மூங்கில் தோப்பிலிருந்து வெளியே வருபவர் முதலாமவர். அடுத்த ஷாட்டில் முதுகைக் காட்டியபடி பணக்கார வீட்டு வாசலுக்குள் நுழைபவர் இரண்டாமவர்.

நாய்க்கும் அதே கதி. அம்மா சர்வஜயா அபுவுக்குச் சோறு ஊட்டுகிறாள். நாய் ஏக்கத்தோடு பார்க்கிறது. மீந்த சோற்றை அவள் கொண்டுபோய்க் கொட்ட, நாய் தின்கிறது. ஏங்கியது ஒரு நாய், தின்றது இன்னொரு நாய்! இடையில் ஆறு மாதம் ஓடிவிட்டது. முதல் நாய் செத்துப்போக, அதே நிறத்தில் வேறொன்றைத் தேடிக் கொண்டுவந்தார்கள். மிட்டாய்க்காரர் காட்சியில் பிள்ளைகளின் பின்னால் நாய் ஓடவேண்டும் என்று ரே ஆசைப்பட்டார். கூப்பிட்டுப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள், ஃபிலிம்தான் வீணாயிற்று. துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தாவின் கையில் ஒரு சந்தேஷ் இனிப்பைக் கொடுத்து, கையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாய் சமர்த்தாக ஓடிவந்தது.

மழை இன்னொரு சோதனை. பருவமழை கொட்டியபோது கையில் பணமில்லை; பணம் வந்தபோது அக்டோபர், வானம் துடைத்துவிட்டாற்போல் நீலம். எப்போதாவது கருக்காதா என்று குழந்தைகளோடு கிராமத்துக்குப் போய் நாள் நாளாகக் காத்துக் கிடந்தார்கள். ஒருநாள் கருத்தது, கொட்டியது. அந்தக் குளிரில் பிள்ளைகள் நடுங்கியது நடிப்பில்லை. ஷாட் முடிந்ததும் பாலில் கொஞ்சம் பிராந்தி கலந்து கொடுத்துச் சூடேற்றினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ரேயின் பெரிய கவலை வேறு. கிழவி இந்திர் தாக்ரூனாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது எண்பது. ஒரு காலத்தில் மேடையில் நடித்து, பிறகு உலகம் மறந்துபோன நடிகை. வசனம் நினைவில் நிற்குமா என்று சோதிக்க, ஒரு தாலாட்டுச் சொல்லச் சொன்னார் ரே. அவருக்குத் தெரிந்ததைவிட நீளமாகப் பாட்டி சொல்லி முடித்தார். தினம் 20 ரூபாய் சம்பளம். போன ஷாட்டில் எந்தக் கையில் மூட்டை இருந்தது என்பதை உதவியாளர்கள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

கிழவியைப் பாடையில் வைத்துத் தூக்கிப்போகும் காட்சி. வாழ்ந்துகொண்டிருக்கும் எண்பது வயது மூதாட்டியிடம் எப்படிக் கேட்பது? ரே தயங்கித் தயங்கிக் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பாடையில் கட்டினார்கள், தூக்கினார்கள், ஷாட் முடிந்தது, இறக்கிக் கயிற்றை அவிழ்த்தார்கள். பாட்டி அசையவில்லை! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்போது பாட்டி கண்ணைத் திறந்து, ஷாட் முடிந்துவிட்டதா, யாருமே சொல்லவில்லையே, நான் இன்னும் செத்துத்தானே கிடக்கிறேன் என்றாராம்.

அபுவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டி சாகவில்லை. இந்த மூன்றும்தான் படத்தைக் காப்பாற்றிய அற்புதங்கள் என்று ரே பின்னாளில் சொல்வார்.

நின்றுபோன படத்துக்குக் கடைசியில் வழிவிட்டது மேற்கு வங்க அரசு. ரேயின் தாயாருக்குத் தெரிந்தவர் மூலம் விஷயம் முதலமைச்சர் பி.சி.ராய் வரை போனது. ஆனால் சினிமாவுக்குப் பணம் கொடுக்க எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது? ‘பதேர் பாஞ்சாலி’ என்றால் பாதையின் பாட்டு. பாதை என்று பெயரிலேயே இருக்கிறதே! சாலை மேம்பாட்டுக் கணக்கில் பணம் ஒதுக்கப்பட்டது. முடிவில் குடும்பம் ஊரைவிட்டுப் போகவேண்டுமா, கிராம முன்னேற்றத் திட்டத்தில் சேர்ந்துவிடலாமே என்ற யோசனையும் அரசுத் தரப்பிலிருந்து வந்தது. ரே இசையவில்லை. அபுவின் குடும்பம் மாட்டு வண்டியேறிப் பாதையைப் பார்த்துப் போயிற்று.

படம் ஓடும்போது இந்த ஒட்டுகளில் ஒன்றுகூட நம் கண்ணில் படுவதில்லை. இரண்டு மிட்டாய்க்காரர்களும் ஒரே ஆளாக நடந்து போகிறார்கள். செத்த நாயின் பசியை உயிரோடிருக்கும் நாய் ஆற்றுகிறது.

இதுவரை பணத்துக்காகக் காத்திருந்த ரேக்கு, இனி காத்திருக்க நேரமில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் படத்தைத் திரையிட நாள் குறித்தாகிவிட்டது. படத்துக்கோ இன்னும் இசை இல்லை. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் பறந்துகொண்டிருந்த ரவிசங்கரிடமிருந்து கிடைத்தது ஒரே ஒரு நாள்.

(தொடரும்)