ஓட்டிஸ் ரெட்டிங்: ஒலிப்பதிவு வாழ்வும் தொடக்ககால வெற்றிப் பாடல்களும்

ஓட்டிஸ் ரெட்டிங் (9 செப்டம்பர் 1941 – 10 டிசம்பர் 1967) அமெரிக்க சோல் இசையின் முதன்மையான பாடகர்களுள் ஒருவர், பாடலாசிரியர். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த அவர், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரிலிருந்த ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1962 முதல் 1967 வரை பாடிய பாடல்கள் தென்மாநில சோல் இசைக்கு இலக்கணமாயின. 26 வயதில் விமான விபத்தில் இறந்தார். அவர் உயிரோடிருந்தவரை அமெரிக்க பாப் பட்டியலின் முதல் 20 இடங்களுக்குள் அவருடைய பாடல் ஒன்றுகூட நுழையவில்லை. ஆனாலும் அந்தக் காலத்திலேயே அவரைத் தம் முன்னோடியாகக் கொண்ட பாடகர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர். அவருடைய இசையின் மதிப்பைப் பட்டியல் இடங்களைக் கொண்டு மட்டும் கணக்கிட முடியாது.

இளமையும் பின்னணியும்

ஜார்ஜியாவின் டாசன் என்ற சிற்றூரில் வாரக் குத்தகைக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் ரெட்டிங் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கிருந்த விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். வைன்வில் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில்தான் ரெட்டிங்கின் குரல் முதலில் பழகியது. தந்தைக்குக் காசநோய் வந்தபோது பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு, கிணறு தோண்டுவது, பெட்ரோல் பங்கில் நிற்பது என்று கிடைத்த வேலைகளைச் செய்தார்.

மேக்கன், லிட்டில் ரிச்சர்டின் சொந்த ஊர். ராக் அண்ட் ரோல் இசையின் அந்த முன்னோடியைப் போல் உரக்கக் கத்திப் பாடுவதுதான் இளைஞர் ரெட்டிங்கின் முதல் ஆசை. அவர் மனத்தில் இருந்த இன்னொரு குரல் சாம் குக்குடையது. தேவாலயப் பாடல்களிலிருந்து காதல் பாடல்களுக்கு வந்து, இனிமையும் தெளிவும் குன்றாமல் பாடியவர் குக். இவ்விருவரின் பாணிகளையும் உள்வாங்கித் தன் குரலைக் கண்டெடுப்பதே ரெட்டிங்கின் முதல் சில ஆண்டுகளின் உழைப்பாக இருந்தது.

மேக்கனின் டக்ளஸ் திரையரங்கில் நடந்த வாராந்திரப் பாட்டுப் போட்டிகளில் அவர் அடுத்தடுத்து வென்றார். அந்தப் போட்டிகளின் வழியே கித்தார் கலைஞர் ஜானி ஜென்கின்ஸின் நட்பு கிடைத்து, அவருடைய பைன்டாப்பர்ஸ் குழுவில் பாடகரானார். அக்குழுவின் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தவர் ஃபில் வால்டன் என்ற வெள்ளையின மாணவர். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த ஜார்ஜியாவில் இந்தக் கூட்டு எளிதான காரியமல்ல. பின்னாளில் ரெட்டிங்கின் மேலாளரான வால்டன் இறுதிவரை அவருடன் இருந்தார்.

முதல் இசைத்தட்டுகள்

1960இல் லாஸ் ஏஞ்சலிஸ் சென்ற ரெட்டிங், அங்கே சிறு நிறுவனங்களுக்காகச் சில பாடல்களைப் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு ஜார்ஜியா திரும்பி 'ஷவுட் பாமலாமா' என்ற பாடலைக் கான்ஃபெடரேட் என்ற சிறு நிறுவனத்துக்குப் பாடினார். வேகமும் ஆர்ப்பரிப்பும் கொண்ட அந்தப் பாடலில் லிட்டில் ரிச்சர்டின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். உள்ளூர் வானொலிகளுக்கு அப்பால் இந்த இசைத்தட்டுகள் அதிகம் போகவில்லை. அதே 1961இல் ஸெல்மா அட்வுட்டை அவர் மணந்தார்.

மெம்ஃபிஸில் திறந்த கதவு

ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய ஸ்டாக்ஸ் நிறுவனம், மெம்ஃபிஸின் மெக்லெமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த ஒரு பழைய திரையரங்கை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக்கூடமாக்கியிருந்தது. இருக்கைகளை அகற்றிய பிறகும் தரையின் சரிவு அப்படியே இருந்தது. முன்பு தின்பண்டம் விற்ற இடத்தில் ஆக்ஸ்டன் இசைத்தட்டுக் கடை நடத்தினார். புதிய பதிவுகளைக் கடைக்கு வரும் இளைஞர்களுக்குப் போட்டுக்காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது அவர் வழக்கம். கூடத்தின் நிலைக்குழுவான 'புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ்' குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்தே வாசித்தனர். ஒரே உணவகத்தில் இவர்கள் சேர்ந்து உட்கார முடியாத காலம் அது.

1962இல் ஜானி ஜென்கின்ஸின் ஒலிப்பதிவு ஒன்று இங்கே ஏற்பாடாகியிருந்தது. ஜென்கின்ஸைக் காரில் அழைத்துவந்தவர் ரெட்டிங். ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையாமல் நேரம் மிஞ்சியது. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக விளம்பர வேலை பார்த்த ஜோ கால்கின், இந்த இளைஞனையும் ஒருமுறை பாடவைத்துப் பார்க்கும்படி வற்புறுத்தினார். ரெட்டிங் முதலில் பாடியது லிட்டில் ரிச்சர்டின் பாணியில் அமைந்த 'ஹே ஹே பேபி'. கேட்டவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் படவில்லை.

அடுத்து அவர் பாடியது, தானே எழுதிய 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' என்ற மெதுவான காதல் பாட்டு. நிலைக்குழுவின் கித்தார் கலைஞரான ஸ்டீவ் க்ராப்பர் பியானோவில் அமர்ந்தார். ஜென்கின்ஸ் கித்தார் வாசித்தார். லூயி ஸ்டைன்பர்க் பேஸ் கித்தாரிலும் ஆல் ஜாக்சன் டிரம்ஸிலும் இருந்தனர். பாட்டில் சிக்கலான சுரக்கோவை எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சற்றே தயங்கி, நடுங்கி, பிறகு விரிகிறது. இரவல் குரல் விலகி, ரெட்டிங்கின் சொந்தக் குரல் ஒலிநாடாவில் முதன்முதலில் ஏறியது இந்தப் பாட்டில்தான்.

ஸ்டாக்ஸின் துணை நிறுவனமான வோல்ட், அக்டோபர் 1962இல் இரு பாடல்களையும் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வெளியிட்டது. விற்பனை மெல்லத்தான் சூடுபிடித்தது. நாஷ்வில் நகரின் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஜான் ரிச்பர்க் இந்தப் பாட்டை விடாமல் ஒலிபரப்பினார். தென்மாநிலங்கள் முழுவதும் எட்டும் ஆற்றல் கொண்ட நிலையம் அது. 1963இல் பாடல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 20ஆவது இடத்தையும் பாப் பட்டியலில் 85ஆவது இடத்தையும் எட்டியது.

தொடக்க வெற்றிகள், 1963–1965

அடுத்து வந்தவை பெரும்பாலும் மெதுவான, வேதனை தோய்ந்த பாடல்கள். 1963இல் வெளியான 'பெயின் இன் மை ஹார்ட்', நியூ ஆர்லியன்ஸ் பாடகி இர்மா தாமஸ் பாடிய 'ரூலர் ஆஃப் மை ஹார்ட்' பாடலை அடியொற்றியது. இது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11ஆவது இடம்வரை ஏறியது. இதே பெயரில் 1964 தொடக்கத்தில் அவருடைய முதல் நெடுந்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் 'செக்யூரிட்டி', 'செயின்ட் அண்ட் பவுண்ட்' ஆகியவை வந்தன. 'செக்யூரிட்டி'யில் ஊதுகருவிகளும் டிரம்ஸும் குரலோடு போட்டியிட்டு முன்னேறும் துள்ளல் நடையை அவர் கைக்கொண்டார்.

காதலில் கெஞ்சும் பாடல்களையே அடிக்கடி பாடியதால், மெம்ஃபிஸ் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவருக்கு 'மிஸ்டர் பிட்டிஃபுல்' என்று பட்டப்பெயர் வைத்தார். அதையே பாட்டாக்கலாம் என்ற யோசனை க்ராப்பருடையது. இருவரும் சேர்ந்து எழுதினர். 1965இல் அந்தப் பாடல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 10ஆம் இடம் பெற்றது. அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருந்தது, ரூஸ்வெல்ட் ஜாமிசன் எழுதிய 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்'. இதையும் 'பெயின் இன் மை ஹார்ட்'டையும் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு விரைவிலேயே தன் இசைத்தட்டுகளில் பாடிப் பதிவுசெய்தது.

1965இன் பெரும் வெற்றி 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்'. பாடகர் ஜெர்ரி பட்லர் பாதியில் விட்டிருந்த ஒரு பாட்டை, பயணத்தில் தங்கிய விடுதியறையில் ரெட்டிங்குக்குப் பாடிக்காட்டினார்; ரெட்டிங் அதை முடித்துக்கொடுத்தார். மிகத் தாழ்ந்த குரலில் தொடங்கி, ஊதுகருவிகள் படிப்படியாக உயர உயர, மன்றாட்டாக உச்சம் தொடும் பாடல் இது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 2ஆவது இடமும் பாப் பட்டியலில் 21ஆவது இடமும் பெற்றது. அவர் வாழ்நாளில் பாப் பட்டியலில் எட்டிய மிக உயர்ந்த இடம் இதுவே.

ஒலிப்பதிவு முறை

ரெட்டிங்கின் பாடல்களுக்கு இருக்கும் உயிர்ப்பை அவை உருவான முறையிலிருந்து பிரிக்க முடியாது. ஸ்டாக்ஸில் பாடகரும் கலைஞர்களும் ஒரே அறையில் நின்று, ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒரே மூச்சில் பதிவுசெய்தனர். 1965 வரை அங்கே இருந்தது ஒற்றைத்தடப் பதிவுக் கருவிதான். ஒருவர் தவறினால் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதிவைத்த இசைக்குறிப்பும் கிடையாது. ரெட்டிங் கித்தாரில் சில சுரங்களை மீட்டிக் காட்டுவார். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் எங்கே நுழைய வேண்டும், எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை வாயாலேயே பாடிக் காட்டுவார். கலைஞர்கள் அதைக் காதால் பிடித்து வாசிப்பார்கள். பின்னணியில் குழுப்பாடகர்கள் பாட வேண்டிய இடத்தையும் பெரும்பாலும் இந்த ஊதுகருவிகளே எடுத்துக்கொண்டன. 1966இல் வந்த 'ஃபா-ஃபா-ஃபா-ஃபா-ஃபா' பாடலில் அவர் இசைக்கும் ஓசைகள், ஊதுகருவிக்கு வாயால் பாடிக்காட்டும் அதே வழக்கத்திலிருந்து பிறந்தவை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் மெருகேற்றிய ஒலியைத் தேடிய அதே ஆண்டுகளில், மெம்ஃபிஸோ பாடகரின் மூச்சையும் தடுமாற்றத்தையும்கூடப் பாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்டது.

'ஓட்டிஸ் ப்ளூ'

இந்த முறையின் சிகரம், செப்டம்பர் 1965இல் வெளியான 'ஓட்டிஸ் ப்ளூ' நெடுந்தட்டு. அதன் பெரும்பகுதி ஜூலை 9, 10 தேதிகளில், ஏறத்தாழ ஒரே நாள் உழைப்பில் பதிவானது. இரவு விடுதிகளில் வாசிக்கப் போன கலைஞர்கள் நள்ளிரவுக்குப் பின் திரும்பிவந்து விடியும்வரை பதிவைத் தொடர்ந்தனர். அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர் டாம் டௌட் நியூயார்க்கிலிருந்து வந்து உடனிருந்தார்.

11 பாடல்களில் மூன்று, 1964 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட சாம் குக்கின் பாடல்கள். ஆசானுக்குச் செலுத்திய அஞ்சலியாக ரெட்டிங் அவற்றைத் தன் கரகரப்பான குரலில் பாடினார். க்ராப்பரின் தூண்டுதலால் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடலையும் பாடினார். மூலத்தில் கித்தார் வாசிக்கும் புகழ்பெற்ற தொடரை இங்கே ஊதுகருவிகள் ஏற்றன.

அவரே எழுதிய 'ரெஸ்பெக்ட்' இந்தத் தொகுப்பில் உள்ளது. உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் தன் துணையிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 4ஆம் இடம் பெற்றது. 1967இல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் அதே பாட்டை ஒரு பெண்ணின் கோரிக்கையாக மாற்றிப் பாடி, பாப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். குடிசார் உரிமைப் போராட்டக் காலத்தில் கறுப்பின மக்களின் குரலாகவும் பெண்களின் குரலாகவும் அது நிலைத்தது.

புதிய அரங்குகள், 1966–1967

1966 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸின் 'விஸ்கி எ கோ கோ' அரங்கில் பாடிய ரெட்டிங், வெள்ளையின ராக் ரசிகர்களிடையேயும் இடம்பிடித்தார். அவ்வாண்டு பதிவான 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' 1930களின் பழைய நடனக்குழுப் பாட்டு. ஸ்டாக்ஸ் கலைஞர் ஐசக் ஹேய்ஸின் இசையமைப்பில் அது மெல்லிய சாக்ஸபோன் ஒலியுடன் தொடங்கி, ஆல் ஜாக்சனின் ஒற்றைத் தாளத்தட்டலில் சூடேறி, பேரிரைச்சலில் முடிகிறது. 1967இல் ஸ்டாக்ஸ் பாடகி கார்லா தாமஸுடன் இணைந்து பாடிய 'டிராம்ப்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 2ஆம் இடம் பெற்றது.

அவ்வாண்டின் வசந்தத்தில் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தனர். இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' இதழ் நடத்திய வாக்கெடுப்பில் எல்விஸ் பிரெஸ்லியைப் பின்தள்ளி உலகின் சிறந்த ஆண் பாடகராக ரெட்டிங் தேர்வானார். 1967 ஜூன் 17 இரவு கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில், அவரை அதிகம் அறிந்திராத பெருங்கூட்டத்தை முழுமையாகத் தன்வசமாக்கினார்.

இறுதிப் பதிவும் மறைவும்

அந்த ஆண்டின் கோடையில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது புதிய பாட்டொன்றை எழுதத் தொடங்கினார். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து குரல் தேறியபின், க்ராப்பருடன் சேர்ந்து அதை முடித்து 'சிட்டின் ஆன் தி டாக் ஆஃப் தி பே' என்று பதிவுசெய்தார். கெஞ்சலும் கூவலும் அடங்கிய, ஆழ்ந்த அமைதி கொண்ட பாட்டு. பழக்கப்பட்ட ரெட்டிங் பாணி இதில் இல்லையே என்று ஸ்டாக்ஸில் சிலர் தயங்கினர். ரெட்டிங்குக்கு அந்தத் தயக்கம் இல்லை.

பதிவு முடிந்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, நிகழ்ச்சிக்குச் சென்றுகொண்டிருந்த அவருடைய விமானம் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் அருகே மொனோனா ஏரியில் விழுந்தது. அவரும், பின்னணிக் குழுவான பார்-கேஸின் இளம் கலைஞர்கள் நால்வரும், உதவியாளரும் விமானியும் இறந்தனர். டிரம்பெட் கலைஞர் பென் காலி ஒருவரே உயிர்பிழைத்தார்.

துயரத்தினூடே க்ராப்பர் அலையோசையும் கடற்பறவைகளின் ஒலியும் சேர்த்து அந்தப் பாட்டை முடித்துக்கொடுத்தார். 1968 ஜனவரியில் வெளியாகி, மார்ச்சில் அமெரிக்க பாப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. பாடகர் இறந்தபின் அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் பாடல் அதுவே. அதற்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன.

மதிப்பீடு

1989இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் ரெட்டிங்கைச் சேர்த்துக்கொண்டது. மேக்கனில் அவருக்குச் சிலை இருக்கிறது. கடைசிப் பாட்டின் பெரும்புகழால் அவரை அந்த ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. அவருடைய சாதனையின் அடித்தளம் 1962க்கும் 1965க்கும் இடைப்பட்ட பாடல்களில்தான் இருக்கிறது. அவரை முதன்முதலாகக் கேட்க விரும்புவோர் 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பாடலில் தொடங்கி, 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' வழியாக 'ஓட்டிஸ் ப்ளூ' முழுவதையும் வரிசையாகக் கேட்க வேண்டும். மூன்றே ஆண்டுகளில் ஒரு பாடகர் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு சோல் இசையில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.