பாய்மரப் படகு பேட்டரி

சிறு பாய்மரப் படகில் விளக்கு, வானொலி, ஜிபிஎஸ், குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு மின்சாரத்தைத் தேக்கித் தரும், பெரும்பாலும் 12 வோல்ட் அளவிலான மின்கல அமைப்பு. எஞ்சினைக் கிளப்ப ஒன்று, பிற பயன்பாட்டுக்கு ஒன்று எனப் பிரித்து வைப்பது வழக்கம். இரவெல்லாம் நங்கூர விளக்கு எரிந்து இரண்டாவது வடிந்தாலும் எஞ்சின் கிளம்பும்.

காஸ்டன் பிளான்டே 1859இல் உருவாக்கிய ஈய-அமில வகையே நெடுங்காலம் கோலோச்சியது. ஓய்வுநிலையில் 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. அடிக்கடி அதற்கும் கீழே இறக்கினாலோ, அரைகுறையாக ஏற்றிவைத்தாலோ தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிக் கொள்ளளவு குறையும். மின்னேற்றும்போது சுமார் 80 விழுக்காடு வரை விரைவாக ஏறும். மிச்சம் மணிக்கணக்கில் இழுக்கும். அதற்காக எஞ்சினை ஓட்டுவது டீசலுக்குத்தான் கேடு. பகல் முழுதும் உழைக்கும் சோலார் பேனலே பொருத்தம். ஏறும்போது ஹைட்ரஜன் வெளிப்படக்கூடுமாதலால் பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் தேவை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை குறைந்தது. கொள்ளளவின் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம். ஆனால் மின்னோட்டத்தைத் தாராளமாக உறிஞ்சி எஞ்சினோடு இணைந்த ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடக்கூடும். உறைநிலைக்குக் கீழே ஏற்றவும் கூடாது. வோல்ட் அளவு அதிகம் மாறாததால், இருப்பை அறிய மின்னோட்டத்தின் வரவு செலவைக் கணக்கிடும் ஷன்ட் மீட்டர் வேண்டும்.