கண் ஒட்டும் ஆப்பு ஒட்டும்

எலுமிச்சையில் கண் ஒட்டு வைத்தவர், அவகாடோவில் ஆப்பு ஒட்டுக் கட்டியவர் இருவருக்குமே கம்போங் ராஜாவில் முதல் முயற்சி தவறலாம். ஏன் தவறியது என்பதை எலுமிச்சை சொல்லிவிடும். அவகாடோ எளிதில் சொல்லாது.

இந்த ஊரின் குளிரை முதலில் கணக்கில் எடுக்கவேண்டும். சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஏறி வருகிறவர்களுக்குக் கேமரன் மலையின் முதல் ஊர் இதுதான். புளூ வேலி தேயிலைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவில் 15 வரைக்கும் இறங்கும். வெட்டுவாயை மூடும் திசுவோ 20க்கும் 30க்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக வளரும். அதனால் கீழே ஈப்போவில் கூடுவதைவிட இங்கே ஒட்டுக் கூட அதிக நாள் பிடிக்கும். பொறுக்கமாட்டாமல் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கூடவிருந்ததும் கெட்டுவிடும்.

ஆப்பு ஒட்டில், பென்சில் பருமனுள்ள நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, இருபுறமும் சீவிய குச்சியைச் செருகுகிறோம். தாய்மரத்திலிருந்து வெட்டிய அந்தக் குச்சிக்கு ஒட்டுக் கூடும்வரை வேர்த்தண்ணீர் கிடையாது. தன்னிடமுள்ள ஈரத்தையும் மாவுச்சத்தையும் வைத்தே காலம் தள்ளவேண்டும். அந்தச் சேமிப்பிலேயே மொட்டு விரிந்து இரண்டு இலையும் விட்டுவிடும், கட்டியவர் மகிழ்ந்துபோவார். பிறகு இலை துவண்டு குச்சி கறுக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய பச்சை அடுக்குகள் உள்ளே ஒன்றையொன்று தொடவில்லை என்று அப்போது சந்தேகிக்கவேண்டும். குச்சி மெலிந்து தண்டு தடித்திருந்தால், நடுவில் வைக்காமல் ஓரமாக ஒதுக்கி, ஒரு பக்கத்தையாவது பொருத்துவதே சரி.

கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் ஒரு தடயம். நுனியிலிருந்து சுருங்கி இறங்கினால் குச்சி காய்ந்திருக்கிறது: வெட்டியதும் இலைகளை நறுக்காமல் விட்டிருக்கலாம், பிளாஸ்டிக் உறை போடாமல் இருந்திருக்கலாம். அடியிலிருந்து நசநசவென்று ஏறினால் கட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒட்டுக்குக் கீழேயுள்ள நாற்றின் இலையே வாடினால் கத்தியைக் குறை சொல்லக்கூடாது. தண்ணீர் தேங்கும் மண்ணில் பைட்டோப்தோரா வேரழுகல்தான் முதல் சந்தேகம்.

ஒற்றை மொட்டை, அதாவது கண்ணை, பட்டையோடு எடுத்து நாற்றில் வைக்கும் கண் ஒட்டில் இவ்வளவு துப்பறிய வேண்டியதில்லை. கண்ணோடு இலைக்காம்பின் துண்டு ஒன்றை விட்டு வைத்தால் போதும். சில வாரம் கழித்து விரலால் தொட்டதும் அந்தக் காம்பு உதிர்ந்தால் கண்ணுக்கு உயிர் இருக்கிறது. காய்ந்து ஒட்டிக்கொண்டே நின்றால் கண் செத்துவிட்டது. செத்தாலும் நாற்று போகவில்லை, மறுபக்கத்தில் இன்னொரு கண் வைக்கலாம். ஆப்பு ஒட்டில் நாற்றின் தலையே போய்விடுகிறது.

மலைநாட்டுத் தமிழருக்கு இது புதிய வித்தையுமல்ல. 1910களின் பிற்பாதியில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் உருவான ரப்பர்க் கண் ஒட்டு மலாயாவுக்கும் பரவியது. கீழ்நாட்டுப் பால்மரத் தோட்டங்களிலும், மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்து, பட்டையைச் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பதே முறை.

குளிர், கண் ஒட்டையும் விட்டுவைப்பதில்லை. நாற்று வளர்ச்சியில் இல்லாத நாட்களில் பட்டை கழலாது. ‘டி’ வடிவில் கீறினால் கிழியும். அப்போது வற்புறுத்தாமல் துளிர் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது கட்டையின் சிறு சீவலோடு கண்ணை எடுத்து, நாற்றில் அதே அளவு சீவிய இடத்தில் பொருத்தலாம். கண் பச்சையாக இருந்தும் துளிர்க்காவிட்டால் குற்றம் ஒட்டில் இல்லை. மேலே வளரும் நுனி அதை அடக்கிவைத்திருக்கிறது. தண்டை ஒட்டுக்கு மேலே வளைத்துக் கட்டினால் கண் விழிக்கும்.

முதல் ஆண்டு எலுமிச்சையில் கை பழகுவதே நல்லது என்பேன். அவகாடோ மேல் ஆசை அடங்காதவர் நாற்றுகளைக் கூடுதலாகவே வளர்த்துக்கொள்ளட்டும். எந்த ஒட்டானாலும் கொழுகொழுவென்று கிளம்பும் துளிரைக் கண்டதும் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கட்டுக்குக் கீழிருந்து வந்தால் அது நாற்றின் சொந்தக் கிளை. அதை உடனே கிள்ளிவிடவேண்டும். விட்டால் மேலேயுள்ள குச்சிக்கோ கண்ணுக்கோ சேரவேண்டிய சத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.