மணி அடிக்காத கண்ட்ரோல் ரூம்

பழைய சிஸ்டம்னு பேச்சு வந்தாலே பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. 'ஓடிக்கிட்டுதானே இருக்கு, கை வைக்காதே' என்பது ஒரு கட்சி. 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுது' என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நிலைமை இருக்கு: 'எப்படியும் மாத்தத்தானே போறோம்'. இருப்பதிலேயே ஆபத்தானது அதுதான் என்பது என் கட்சி.

2003-ல் அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒண்டாரியோவும் இருண்டு போன கதை ஞாபகம் இருக்கா?

ஒஹாயோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனி. அதன் கண்ட்ரோல் ரூமில் கிரிட்டைக் கண்காணித்தது ஜிஇ-யின் எக்ஸ்ஏ21 என்ற சாஃப்ட்வேர். 1995-ல் வந்தது; 1998-க்கு அப்புறம் புது வெர்ஷன் எதுவும் ஏற்றவில்லை. வேறொரு கம்பெனியின் சிஸ்டத்துக்கு மாறுவதாக முடிவும் எடுத்தாச்சு.

ஆகஸ்ட் 14, மதியம் 2:14. ஒரே டேட்டாவில் ஒரே நேரத்தில் ரெண்டு புரோசஸ் கை வைத்ததில் அலாரம் புரோகிராம் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டது. எரர் மெசேஜ் கிடையாது, மணி கிடையாது. அலாரம் செத்தால் சொல்ல இன்னொரு அலாரம் இல்லை!

வேலைகள் குவிந்து 2:41-க்கு மெயின் சர்வர் படுத்தது. அதே சுமையைத் தலையில் வாங்கிய பேக்கப் சர்வர் 2:54-க்குப் படுத்தது. ஐடி ஆட்கள் ரீபூட் செய்தார்கள். 3:08-க்கு சர்வர் எழுந்தது, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுட்டாங்க. அலாரம் வருதான்னு ஆபரேட்டர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபரேட்டர்களோ, அலாரம் வராததால் எல்லாம் நல்லா இருக்குன்னு நம்பினார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் போன் பண்ணிச் சொல்லியும் நம்பவில்லை. 3:05, 3:32, 3:41 என்று மூன்று 345 கிலோவோல்ட் லைன்கள் மரத்தில் உரசி விழுந்தன. அதுக்கப்புறம்தான் உண்மை உறைத்தது. முழுசா நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணலாமா என்று பேசிவிட்டு, கிரிட் இருக்கிற நிலைமையில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

4:06-க்கு இன்னொரு பெரிய லைனும் போனது. அடுத்த ஏழே நிமிஷத்தில் நியூயார்க், டொராண்டோ, டெட்ராய்ட் எல்லாம் காலி. சுமார் 5 கோடி பேருக்குக் கரண்ட் இல்லை.

அந்த பக்கைக் கண்டுபிடிக்கவே பல வாரம் ஆனது. பிறகு ஜிஇ பேட்ச் கொடுத்தது. புது வெர்ஷன் போட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பக் எங்கேயும் இருக்கும். ஆனா, நாளைக்கு ரிட்டயர் ஆகப் போற சிஸ்டத்துக்கு இன்னைக்கு யாரும் நேரம் ஒதுக்க மாட்டாங்க. புது சிஸ்டம் வரும் வரைக்கும் ஊருக்கே கரண்ட் கொடுப்பது அந்தக் கிழவன்தான்.

நீங்களும் இப்படி ஒரு சிஸ்டத்தைப் பார்த்துக்கறீங்கன்னா, பெருசா ஒண்ணும் வேண்டாம். நிமிஷத்துக்கு ஒரு தடவை பொய்யா ஒரு அலாரம் அனுப்பி, அது ஸ்க்ரீன் வரைக்கும் வந்து சேருதான்னு பார்க்க ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைங்க. ஒரு மதிய வேலைதான் அது.