களிமண் கற்றுக்கொடுத்த டயர்

கீழ்வேளூரில் மலை கிடையாது. ஊரிலேயே உயரமான தரை எதுவென்றால், கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் கேடிலியப்பர் கோயிலின் கட்டுமலைதான். யானை ஏற முடியாதபடி படி வைத்துக் கட்டிய மாடக்கோயில் அது. அதை விட்டு இறங்கினால் கிழக்கே நாகப்பட்டினக் கடல் வரைக்கும் ஒரே சமதரை. அப்படிப்பட்ட ஊரில் இன்று பிள்ளைகள் மலைச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அகலமான பட்டன் டயர், முன்பக்கம் ஸ்பிரிங், கைப்பிடியில் கியர். கடைத்தெருவில் எங்கள் அப்பா தொடங்கிய சைக்கிள் கடையை நடத்துகிறவன் என்பதால் அந்த டயர்களெல்லாம் என் கைக்கு வருகின்றன.

மலையே இல்லாத ஊரில் இந்த டயர் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு வருகிற சிக்கல் அத்தனையும் நம் வாய்க்கால் கரையிலும் உண்டு என்று அவர்களுக்குச் சொல்வேன். வழுக்கல், பள்ளம், முள், கரையோரச் சரிவு எல்லாம் இங்கே இருக்கின்றன. அவற்றைச் சமாளிக்கும் அறிவும் இந்த மண்ணில் இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்ந்து கிடக்கிறது. அது பேச்சாகவே இருந்து மறைந்துவிடக் கூடாது.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆண்டு 1845. குதிரை வண்டிக்காக அவர் செய்த அந்த டயரை உலகம் மறந்தது. 1888-இல் பெல்பாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடுவதற்காக அதே யோசனைக்குத் தானாக வந்து சேர்ந்தார். டன்லப்பின் முதல் டயர் ரிம்மோடு ஒட்டியே இருந்ததால் பங்க்சர் ஒட்டுவது பெரும்பாடு. 1891-இல் பிரான்சின் மிஷ்லான் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் தொழில் பிறந்தது அப்போதுதான் என்பேன். டயரைக் கையால் கழற்ற முடிந்த பிறகுதான் இரண்டு நெம்புகோல், ஒரு உப்புத்தாள், கொஞ்சம் சொலூஷன், ஒரு தண்ணீர்த் தொட்டி இவற்றை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் ஒருவர் கடை போட முடிந்தது.

எங்கள் பக்கத்துக்குச் சைக்கிள் வரத் தோதான வழிகள் முன்பே திறந்திருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் ஓடியது. அந்தப் பாதை கீழ்வேளூர் வழியாகத்தான் போகிறது. நாகைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போனது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில் போய் வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் ஏராளம். மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் பெட்டியோடு சைக்கிளையும் இறக்கிய கதையை என் தாத்தா சொல்வார். அந்த மலாயாவை 1942-இல் ஜப்பானியர் பிடித்ததும் உலகம் முழுக்க ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. கிழிந்த டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டினார்கள் என்பதும் தாத்தா சொன்னதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் எங்கள் ஊருக்கு வந்தது. வங்காளத்துச் சாகஞ்சில் 1936 முதல் இயங்கிய டன்லப் ஆலையின் டயர்களும் வந்தன. 22 இன்ச் பார், 24 இன்ச் பார் என்று ஆளின் உயரத்துக்கேற்பச் சைக்கிள் மாறும். சக்கரம் மட்டும் எல்லாவற்றுக்கும் 28 × 1½ தான்.

அந்த அளவு இந்த மண்ணுக்குப் பொருந்தியது என்பதை அப்பா ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். சக்கரம் பெரிதாக இருப்பதால் மாட்டுவண்டித் தடத்தில் இறங்கினாலும் ஏறிவிடும். டயர் குறுகலாக இருப்பதால் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அதன் பலவீனத்தையும் அப்பா மறைக்கவில்லை. கோடையில் வெடித்த வயல் அந்தக் குறுகல் டயரை விழுங்கும். மழையில் இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுதூரம் முன்பே பிடிக்கத் தொடங்க வேண்டும். களி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் கேரியரில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு போவார்கள். மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

யார் சைக்கிளில் ஏறலாம் என்பதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி. பல ஊர்களில் சேரி மக்கள் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த மக்களில் பண்ணையாட்களாக இருந்தவர்களைக் காக்க 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த மக்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எங்கள் வட்டாரத்துக்குள்தான் அந்த ஊர் இருக்கிறது. கூலி உயர்ந்ததும் இறங்க மாட்டோம் என்ற துணிவு வந்ததும் இப்படிப்பட்ட விலை கொடுத்துத்தான். கூலிக்காரர் கைக்குச் சைக்கிள் வந்தபோது அது பெரும்பாலும் பழைய சைக்கிளாக இருந்தது. தேய்ந்த டயரில் அறுப்பு விழுந்தால் இன்னொரு பழைய டயரில் துண்டு வெட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தோம். புது டயர் வாங்க வழியில்லாதவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்ற கவலை எங்கள் கடையின் முதல் பாடமாக இருந்தது. இன்றும் அதுதான் முதல் பாடம்.

பெண்கள் ஏறியது அதற்கும் பிறகு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அரசின் இலவசச் சைக்கிள் திட்டம், 2005-06-இல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இப்போது காலையில் சிக்கல் ஊருக்குப் போகும் சாலையைப் பார்த்தால் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்தான்.

மலைச் சைக்கிளின் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர்கள், 1930-களில் சந்தைக்கு வந்த பருத்த பலூன் டயர் சைக்கிள்களைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுத்து மலைச்சரிவில் விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முதல் ‘ரீபேக்’ போட்டி நடந்தது. சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் பிரேக் அந்த இறக்கத்தில் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பாதைக்கே அந்தப் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு சைக்கிள் சட்டகம் செய்தார். 1981-இல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற மலைச் சைக்கிள் ஆலையில் பெருமளவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. கிடைத்த பழைய சைக்கிளை எடுத்து, தங்கள் மண்ணுக்குத் தக்க டயரைத் தேடி, உடைந்ததை உடைந்த இடத்தில் சரிசெய்தவர்கள் அவர்கள். நாங்கள் இங்கே செய்ததும் அதேதான். அவர்களைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குச் சொந்தக்காரர்களைக் கண்டது போலிருந்தது.

ஆகவே டயர் வாங்க வருகிறவரிடம் நான் முதலில் விலையைச் சொல்வதில்லை. எந்தப் பாதையில், எந்த மாதத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்பேன்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்கு முன்பு வாய்க்கால்களைத் தூர்வாரி, வண்டலைக் கரையிலேயே கொட்டுவார்கள். மேலே காய்ந்து பொருக்கு கட்டியிருக்கும். உள்ளே கூழாக இருக்கும். எந்த டயராலும் அதைக் கடக்க முடியாது, இறங்கித்தான் ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கரைக் களி ஈரமாகிவிடும். அப்போது உயரமான பட்டன்கள் இடைவெளி விட்டு நிற்கும் டயர் வேண்டும். நெருக்கமான பட்டனில் களி அடைந்து டயரே மொழுமொழுவென்று ஆகிவிடும். சம்பா அறுவடையின்போது பெல்ட் வைத்த அறுவடை இயந்திரங்கள் வண்டிப்பாதையில் ஆழத் தடம் போட்டுவிடுகின்றன. அது காய்ந்ததும் கல்லாகிறது. பிறகு உளுந்து, பயறு காலம். செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை மிதிக்க விடுவார்கள். அதன்மேல் வேகமாகப் போய் முன்பிரேக்கைப் பிடித்தவர் விழாமல் இருந்ததில்லை. கொடி சங்கிலியிலும் கியரிலும் சுற்றிக்கொள்ளும். கோடையில் வெடிப்பு. பாதையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்புதான் ஆபத்தானது. அங்கே இரண்டு அங்குல அகல டயருக்கு ஈடு இல்லை.

அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘26’ என்று கேட்டு வாங்கிப் போய் மாட்ட முடியாமல் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயர் வேறு, 26 × 1.95 என்று தசமத்தில் எழுதிய டயர் வேறு. முன்னது உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர், பின்னது 559. டயரின் பக்கவாட்டில் இந்த மூன்றிலக்க எண் பொறித்திருக்கும். அதைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. பழைய 28 × 1½-க்கு அந்த எண் 635. இப்போது வருகிற 29 அங்குல மலைச் சைக்கிளுக்கு 622. பெயர் பெரிதாக இருந்தும் ரிம் சிறியது.

தினமும் நாகப்பட்டினத்துக்குத் தார்ச்சாலையில் போய் வருகிறவருக்கு முரட்டுப் பட்டன் வேண்டாம். அது காலை இழுக்கும். ஈரத் தாரில் வளைவில் பிடியும் குறைவு. நடுவில் தொடர்ச்சியான வரியும் ஓரத்தில் மட்டும் பட்டனும் உள்ள டயர் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். ஒரே ஒரு நல்ல டயருக்குத்தான் கையில் காசு என்றால் அதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் ஆள் தரையில். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசைக்கு அது பொருந்த வேண்டும்.

காற்றையும் கல்போல அடிக்கக் கூடாது. பக்கவாட்டில் எழுதிய குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவேதான் வித்தை இருக்கிறது. இரண்டு அங்குல டயரில் கரைமேல் போகிற நடுத்தர எடை ஆளுக்கு 30 பாயிண்ட்டை ஒட்டி வைப்பேன். டயர் தரையில் கொஞ்சம் படர்ந்து மண்ணைப் பிடிக்கும். அதற்கும் கீழே இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். சீமைக்கருவேல முள்ளை எந்த டயரும் முழுதாகத் தடுக்காது. வீடு சேர்ந்ததும் டயரை விரலால் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்குகிறவருக்கு மறுநாள் காலையில் காற்று இருக்கும்.

பாதுகாப்பு டயரோடு முடிவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் மாவட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. வண்டிகள் நின்றுவிட்ட இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டிப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள், மருந்து கொண்டுபோனார்கள். அவர்கள் எல்லாரும் பழைய ஆட்கள். எங்கே ஏறி ஓட்டுவது, எங்கே இறங்கித் தள்ளுவது, எங்கே தூக்குவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தென்னந்தடிப் பாலத்தில் ஓட்டமாட்டார்கள். ஓடம்போக்கி ஆற்றங்கரையில் நீர்ப்பக்க ஓரத்தை விட்டு ஒரு முழம் உள்ளே தள்ளித்தான் போவார்கள். தண்ணீர் ஏறிய கரை உள்ளுக்குள் அரித்திருக்கும், வெளியே தெரியாது. டைனமோ விளக்கு வேகம் குறைந்தால் மங்கிவிடும் என்பதால் இருட்டுக்கு முன்பே கரையை விட்டுச் சாலைக்கு வந்துவிடுவார்கள். பேட்டரி விளக்கும் தலைக்கவசமும் இன்று கிடைக்கின்றன, இரண்டையும் வாங்குங்கள். அவர்களுடைய நிதானத்தைக் கடையில் வாங்க முடியாது, சொல்லிக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள். அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரையும், கரைப் பாதையில் காலமெல்லாம் ஓட்டிய விவசாயி ஒருவரையும் கூப்பிட்டுப் பேசவையுங்கள். டயரில் எழுதிய எண்ணைப் படிக்க, காற்றைக் கையால் அமுக்கிப் பார்க்க, பிரேக் கட்டையின் தேய்மானம் பார்க்க, மழைக்காலத்தில் கரையைப் பார்த்து முடிவெடுக்க அவர்கள் சொல்லித்தரட்டும். கீழ்வேளூரில் கூப்பிட்டால் நான் காசில்லாமல் வருகிறேன், பம்பும் பழைய டயர்களும் நானே கொண்டுவருகிறேன்.