இன்ஃபார்மேட்டர் முதல் என்ஜின் வரை

மதராஸ் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972-ல் மானுவேல் ஆரோன் தொடங்கியது டால் செஸ் கிளப். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது: ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்தின் வேகம் அந்த நாற்காலியில் வளர்ந்தது.

அந்தக் காலத்து ஆட்டக்காரருக்குத் துணை, பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வந்த 'செஸ் இன்ஃபார்மேட்டர்'. ஆட்டங்களுக்கான விளக்கம் முழுக்கக் குறியீடுகள்தான். கூட்டல் குறிக்குக் கீழே சமக்குறி இருந்தால் வெள்ளைக்குச் சற்றே சாதகம். ரஷ்யன் தெரியாத மதராஸ் பையனும் ரஷ்யரின் ஆய்வைப் படிக்க முடிந்தது. தொடக்க ஆட்டங்கள் அனைத்தும் ஏ00 முதல் இ99 வரை 500 பிரிவுகளாக அடுக்கப்பட்டன. ஆனால் ஆண்டுக்கு 2 இதழ்தான். புது நகர்த்தல் ஒன்று கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்புக்கு முடிவு கட்டியது ஹாம்பர்க். இயற்பியல் மாணவர் மத்தியாஸ் வுல்லன்வேபர் அட்டாரி கணினியில் எழுதிய செஸ்பேஸ், எதிராளியின் பழைய ஆட்டங்களை நொடியில் எடுத்துக் கொடுத்தது. ஹாம்பர்க் அணியின் 8 பேரோடு ஒரே நேரத்தில் ஆடி 1985-ல் தோற்ற காஸ்பரோவ், இதைக் கொண்டு தயாராகி 1987-ல் 7-1 என்று வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் கோயம்புத்தூர்ப் போட்டியில் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார்.

அடுத்து வந்தவை தாமே ஆடத் தெரிந்த என்ஜின்கள். ஸ்பெயினின் லியோனில் 1999-ல் ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆனந்தும் கார்போவும் மோதினார்கள். 5-1 என ஆனந்துக்கு வெற்றி. எந்த லைனைக் கணினியிடம் கேட்பது, எதைக் கேட்காமலே ஒதுக்குவது என்ற தெளிவுதான் அவரது பலம். 2008-ல் பான் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக்கை வீழ்த்தியபோதும் அப்படித்தான். கணினியோடும் உதவியாளர் குழுவோடும் மெனக்கெட்டுத் தயாரித்த மெரான் என்ற தொடக்க ஆட்ட லைனில், கறுப்புக் காய்களோடு 2 ஆட்டங்களை வென்றார்.

இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான முடிவு சென்னையில் எடுக்கப்பட்டது. 2017-ல் சிறுவன் குகேஷுக்குப் பயிற்சி தரத் தொடங்கிய விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் ஏறத்தாழ 2500 ஆகும்வரை என்ஜினையே தொடவிடவில்லை. கணினி சொல்லும் விடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சொந்தமாகக் கணக்குப் போடும் பொறுமை எளிதில் வராது. எல்லோரும் என்ஜினோடு பயின்ற காலத்தில் ஒரு சிறுவனை வெறும் பலகையோடு விடுவதற்கு அசாத்திய நம்பிக்கை வேண்டும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2-வில் வைத்தார். நேரலை பார்த்தவர்களின் திரையில் என்ஜின் மதிப்பீடு சட்டென்று கறுப்புப் பக்கம் சாய்ந்தது. கறுப்பில் ஆடிய குகேஷ் அந்தத் தவறைத் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யானைகளை வெட்டி, மந்திரிகளையும் மாற்றிக்கொண்டு, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.