நுரையீரல் புற்றுநோயின் வகைகளும் நோயியலும்

நுரையீரல் புற்றுநோய் என்பது நுரையீரலிலோ அதன் மூச்சுக்கிளைக் குழாய்களிலோ உள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோயாகும். இவற்றுள் பெரும்பாலானவை குழாய்களையும் காற்று நுண்ணறைகளையும் உள்ளே போர்த்தியிருக்கும் படலத்தில் தோன்றும் கார்சினோமா வகையைச் சேர்ந்தவை. மார்பகம், குடல் போன்ற பிற உறுப்புகளில் தோன்றி நுரையீரலுக்குப் பரவும் புற்று இதில் அடங்காது.

மார்பு ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் நிழல் காசநோயாகவும் இருக்கக்கூடும். எனவே திசுவையோ உயிரணுக்களையோ எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே நோயும் அதன் வகையும் உறுதி செய்யப்படுகின்றன. சிகிச்சை இவ்வகையைப் பொறுத்தே அமைகிறது.

சிறு உயிரணுப் புற்றுநோய்

நுரையீரல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வகையின. நோயுறுவோர் ஏறக்குறைய அனைவரும் புகைபிடிப்பவர்கள் அல்லது முன்பு புகைபிடித்தவர்கள். உயிரணுக்களில் உட்கரு தவிர வேறெதுவும் இல்லாதது போலத் தோன்றும். உட்கருக்கள் ஒன்றையொன்று நெருக்கி உருமாறியிருக்கும். ஓட்ஸ் தானியத்தை ஒத்திருந்ததால் ஓட்ஸ் உயிரணுப் புற்று என்றும் அழைக்கப்பட்டது. இது மார்பின் நடுப்பகுதியில் தோன்றும் வேறொரு புற்று எனக் கருதப்பட்டு வந்தது. உண்மையில் நுரையீரலில் தோன்றுவதே என 1926 இல் பார்னார்ட் என்பவர் விளக்கினார்.

இவ்வுயிரணுக்கள் இயக்குநீர்களைச் சுரக்கவல்லவை. அதனால் குருதியில் சோடியத்தின் அளவு குறைந்து, கட்டி கண்டறியப்படும் முன்பே நோயாளிக்கு மனக்குழப்பம் ஏற்படலாம். நோய் மிக விரைவில் பரவுவதால் அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு அரிது. வேதிச்சிகிச்சைக்குக் கட்டி முதலில் நன்கு சுருங்கினாலும், பெரும்பாலும் மீண்டும் வளர்கிறது.

சிறு உயிரணு அல்லாத புற்றுநோய்

எஞ்சியவற்றுள் பெரும்பகுதி இப்பெயரில் அடங்கும். இது ஒரு நோயின் பெயர் என்பதைவிட, "அது அன்று" எனக் கூறும் பெயரே ஆகும். எல்லாவற்றுக்கும் ஒரே சிகிச்சை அளிக்கப்பட்ட காலத்தில் இப்பெயரே போதுமானதாக இருந்தது.

செதிள் உயிரணுப் புற்று பெரும்பாலும் நுரையீரலின் மையத்தில், பெரிய மூச்சுக்கிளைக் குழாய்களில் தோன்றும். புகையால் தொடர்ந்து புண்படும் குழாயில், நுண்மயிரிழை கொண்ட உயிரணுக்களின் இடத்தைத் தட்டையான செதிள் உயிரணுக்கள் பிடிக்கின்றன. இம்மாற்றம் புற்று அன்று; புகைப்பதை நிறுத்தினால் மீளவும் கூடும். தொடர்ந்தால் உயிரணுக்கள் ஒழுங்கிழந்து, படலத்துக்குள் அடங்கிய புற்றாகவும், பின்னர் ஊடுருவும் புற்றாகவும் மாறலாம். நுண்ணோக்கியில் கெரட்டின் புரதம் முத்துப்போல் திரண்டிருப்பது இதன் அடையாளம்.

சுரப்பிப் புற்று (அடினோகார்சினோமா) பெரும்பாலும் நுரையீரலின் ஓரப்பகுதிகளில் தோன்றும். உயிரணுக்கள் சுரப்பி போன்ற அமைப்புகளை உண்டாக்கும் அல்லது சளிப்பொருளைச் சுரக்கும். இன்று மிகுதியாகக் காணப்படும் வகை இதுவே. புகைபிடிக்காதோருக்கு வரும் நுரையீரல் புற்றுநோயிலும் இதுவே முதலிடம் பெறுகிறது. ஆயினும் புகைக்கும் இதற்கும் தொடர்பில்லை எனக் கொள்ளலாகாது. 1950களுக்குப் பின் சிகரெட்டின் வடிவமைப்பிலும் சேர்மானத்திலும் ஏற்பட்ட மாற்றங்களால் புகைபிடிப்போரிடையே இவ்வகை அதிகரித்ததாக அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2014 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

இவ்விரண்டின் அடையாளங்களும் இல்லாதது பெரு உயிரணுப் புற்று. கட்டி முழுவதையும் அகற்றி ஆராய்ந்தாலன்றி இப்பெயரை இடுவதில்லை.

மரபணு அடிப்படை

பெமெட்ரெக்செட் மருந்து செதிள் உயிரணு வகைக்குப் பயன் தருவதில்லை. அவ்வகையினருக்கு பெவசிசுமாப் கொடுத்தால் நுரையீரலில் கடும் குருதிப்பெருக்கு ஏற்படலாம். எனவே வடிவத்தால் வகை தெளிவாகாதபோது டி.டி.எஃப்-1, பி40 ஆகிய புரதங்களுக்கான சாயச் சோதனைகள் செய்யப்படுகின்றன. முன்னது சுரப்பிப் புற்றையும், பின்னது செதிள் உயிரணுப் புற்றையும் சுட்டும்.

2004 இல் இ.ஜி.எஃப்.ஆர் மரபணுவின் திடீர்மாற்றங்களும், 2007 இல் ஏ.எல்.கே மரபணு இணைவும் கண்டறியப்பட்டன. இவை பெரும்பாலும் சுரப்பிப் புற்றில் காணப்படுபவை. இவற்றைத் தடுக்கும் மாத்திரைகள் உள்ளன. எனினும் இ.ஜி.எஃப்.ஆர் தடுப்பு மருந்து பெறும் சிலரில், சுரப்பிப் புற்று மருந்துக்கு அடங்காத சிறு உயிரணுப் புற்றாக மாறிவிடுகிறது. இதனால் கட்டி மீண்டும் வளரத் தொடங்கினால் திசு ஆய்வை மறுமுறை செய்ய வேண்டியிருக்கும்.